தோட்டத்துக் கருவிக் கொட்டகை: கூரை ஒன்று, கதவு இரண்டு

வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் பக்கம் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் ரூம் இருக்கும். பெயர்தான் மோட்டார் ரூம். கதவைத் திறந்தால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே மண்வெட்டி, மூலையில் கடப்பாரை, அதன்மேல் சாய்ந்தபடி யூரியா மூட்டை, அலமாரியில் பாதி தீர்ந்த பூச்சிமருந்து பாட்டில்கள், அதே ஆணியில் வேலைக்கு வந்தவர்களின் சாப்பாட்டுத் தூக்கு. அந்த ஆறடிச் சதுரத்துக்குள்தான் தோட்டத்தின் மொத்தப் பொருளும் கிடக்கிறது.

இதனால் வரும் நஷ்டம் இரண்டு வகை. உரத்தின் உப்பும் ஈரமும் பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது, மூட்டை கட்டிதட்டுகிறது, சொட்டுநீர்க் குழாயை எலி கடிக்கிறது. இது பண நஷ்டம். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மருந்தும் சாப்பாடும் ஒரே அறையில் இருக்கும்வரை அந்த ஆபத்து தினமும் இருக்கிறது.

அதனால் கருவிகளுக்கு ஒரு கொட்டகை போட நினைத்தால், கருவிக்கு ஒரு அறை, மருந்துக்கு ஒரு அறை என்று முதலிலேயே பிரித்துக் கட்டுங்கள். கூரை ஒன்றாக இருக்கலாம். கதவு இரண்டாக இருக்க வேண்டும். நடுவில் வரும் 8 அடிச் சுவருக்கு ஆகும் செலவுதான் இந்தக் கொட்டகையிலேயே அதிகப் பலன் தரும் செலவு.

எவ்வளவு பெரிதாகக் கட்டுவது?

மேஸ்திரியை அழைக்கும் முன்பு ஒரு வேலை செய்யுங்கள். இருக்கிற கருவிகள் அனைத்தையும் களத்தில் எடுத்துப் பரப்புங்கள். மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள், கோடாலி, சட்டி, கூடை, தெளிப்பான், சுருட்டிய சொட்டுநீர்க் குழாய், தார்ப்பாய், ஏணி, துரட்டி எல்லாம் வரட்டும். உடைந்ததையும் பயன்படாததையும் பழைய இரும்புக்குப் போடுங்கள். மீதி இருப்பதற்குத்தான் இடம் வேண்டும்.

இரண்டு, மூன்று ஏக்கரில் தென்னை, வாழை, காய்கறி, மல்லிகை என்று வைத்திருப்பவருக்கு 12 அடி நீளம், 8 அடி அகலம் போதும். அதில் 8 அடிக்கு 8 அடி கருவி அறை. மீதி 4 அடிக்கு 8 அடி மருந்து அறை. பவர் வீடர் வைத்திருந்தால் கருவி அறைக் கதவை 4 அடி அகலத்தில் இரட்டைக் கதவாகப் போடுங்கள். மருந்து அறைக்கு இரண்டரை அடிக் கதவு போதும். துரட்டியும் ஏணியும் உள்ளே அடங்காது. பின்சுவரின் வெளிப்புறம், கூரை நீட்டலுக்குக் கீழே கொக்கி அடித்துப் படுக்கவைத்து மாட்டுங்கள்.

இடம் பார்ப்பது எப்படி?

மருந்து அறை இருப்பதால் கிணறு, போர், தொட்டி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியே இடம் பாருங்கள். சரிவான நிலம் என்றால் கிணறு மேலே, கொட்டகை கீழே இருக்க வேண்டும். மருந்து சிந்தினாலும் மழைத்தண்ணீர் அதைக் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வீடு, மாட்டுக் கொட்டகை, கோழி அடையும் இடம் ஆகியவற்றிலிருந்தும் விலகி இருப்பது நல்லது.

தென்னை மரத்துக்கு நேர் கீழே வேண்டாம். மட்டையோ நெற்றோ விழுந்தால் ஷீட் தாங்காது. மேற்கே கொஞ்சம் தள்ளி ஒரு வேம்பு இருந்தால் சாயங்கால வெயிலை அது வாங்கிக்கொள்ளும்.

மஞ்சளாறு, மருதாநதி ஓரத்து நிலங்களிலும், மலையடிவார ஓடைக்கரை நிலங்களிலும் மேடான இடத்தையே தேர்ந்தெடுங்கள். மலையில் கொட்டிய மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே ஓடையில் வந்துவிடும்.

திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். ஆகவே 12 அடிச் சுவரைத் தெற்குப் பார்த்து வைத்து, இரண்டு கதவையும் அந்தச் சுவரின் இரண்டு ஓரங்களில் போடுங்கள். சாரல் நேராக உள்ளே அடிக்காது. வீட்டுக்கு எது தூரமோ அந்த ஓரத்தில் மருந்து அறை வரட்டும்.

அடித்தளம்

செம்மண், சரளை நிலத்தில் 2 அடி ஆழத்துக்கு வாணம் தோண்டினால் போதும். கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும். அங்கே 3 அடி தோண்டி, அடியில் மணலும் கிராவலும் போட்டு இடித்த பிறகு கல்கட்டு எழுப்புங்கள். தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயரம் கொடுங்கள். இந்த ஒன்றரை அடியைச் சுருக்கினால் ஐப்பசி மழையில் மூட்டையின் அடி நனையும்.

கருவி அறைத் தரை சாதாரணக் கான்கிரீட்டாக இருக்கலாம். மருந்து அறைத் தரையைச் சிமெண்டால் வழவழப்பாகப் பூசுங்கள். மண் தரை வேண்டாம். சிந்திய மருந்தை மண் குடித்துவிடும், பிறகு அதை எடுக்கவே முடியாது. வாசல்படியில் 3 அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டிவிட்டால், கேன் உடைந்தாலும் மருந்து வெளியே ஓடாது.

சுவருக்கு எத்தனை கல்?

6 அங்குல ஹாலோ பிளாக் இதற்குச் சரியாக இருக்கும். முன்பக்கச் சுவர் 8 அடி, பின்பக்கம் 7 அடி என்று வைத்தால் சராசரி உயரம் ஏழரை அடி. கணக்கு இப்படி வரும்.

- நான்கு சுவர்களின் நீளம் 40 அடி. ஏழரை அடி உயரத்துக்கு 300 சதுர அடி.
- நடுச்சுவர் 8 அடி. அது 60 சதுர அடி.
- கதவுகளும் காற்றுத் துவாரங்களும் சுமார் 48 சதுர அடி. அதைக் கழித்தால் மீதி 312 சதுர அடி.
- 16 அங்குல நீளம், 8 அங்குல உயரக் கல் ஒன்று கலவையோடு சேர்ந்து சுமார் 0.89 சதுர அடியை அடைக்கும்.

ஆக 350 கல் வேண்டும். உடைசலுக்கு 25 சேர்த்து 375 கல் இறக்குங்கள். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், தேவைக்கு மேல் கல் இறக்கிப் பணம் முடங்காது.

நடுச்சுவர் கூரை ஷீட்டைத் தொடும்வரை போக வேண்டும். தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டாலும் மருந்தின் வாடை அந்த வழியாகக் கருவி அறைக்கு வந்துவிடும். அப்படி விட்டால் சுவர் கட்டியும் பயனில்லை.

காற்றோட்டத்துக்கு இரண்டு அறைகளிலும் துவாரம் விடுங்கள். மருந்து அறையில் மேலே ஒன்று, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒன்று என இரண்டு வேண்டும். பல மருந்துகளின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது கீழேதான் தங்கும். எலி, பாம்பு நுழையாதபடி துவாரத்தில் நெருக்கமான கம்பி வலை அடியுங்கள்.

கூரை

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். தகரத்துக்குக் கேட்க வேண்டுமா? இரும்புச் சதுரக் குழாயைச் சுவரில் வெறுமனே தூக்கி வைக்காமல், கான்கிரீட்டில் பதித்த கம்பியோடு சேர்த்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். ஷீட்டை ரப்பர் வாஷர் வைத்த ஸ்குரூ போட்டு முடுக்க வேண்டும். ஸ்குரூவை மேட்டு வரியில் அடித்தால் ஒழுகாது.

நான்கு பக்கமும் ஒன்றரை அடி நீட்டினால் கூரை 15 அடிக்கு 11 அடி வரும். 12 அடி நீள ஷீட் 5 போதும். முன்னால் உயரம், பின்னால் தாழ்வு என்று சரிவு கொடுத்தால் தண்ணீர் கதவுப் பக்கம் வராமல் பின்னால் விழும். அந்த இடத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தென்னங்கீற்று குளிர்ச்சிதான், ஆனால் எலி கூடு கட்டும், அடிக்கடி மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும். களை வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோல் வைத்திருப்பவர்கள் கீற்றை நினைக்கவே வேண்டாம். தகரக் கூரையின் சூட்டைக் குறைக்கக் கோடைக்கு முன் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம்.

கருவி அறைக்குள்

எந்தக் கருவியும் தரையில் கிடக்கக் கூடாது. சுவரில் மரச்சட்டம் அடித்து, கருவியின் வாய் மேலே, காம்பு கீழே தொங்கும்படி மாட்டுங்கள். அரிவாளும் கோடாலியும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் சுவரில் அதன் உருவத்தைப் பெயிண்டால் வரைந்துவிடுங்கள். சாயங்காலம் கதவைப் பூட்டும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும். எது வரப்பிலேயே நின்றுவிட்டது என்று தெரிந்துவிடும்.

மண் ஒட்டிய மண்வெட்டியைக் கழுவி, காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்து மாட்டினால் துரு அண்டாது. சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டித் தரையில் போடாமல் உயரக் கொக்கியில் தொங்கவிடுங்கள். எலி வேலைக்கு அதுவே பாதி மருந்து.

உர மூட்டையை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். யூரியா காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பிரித்த மூட்டையின் வாயை இறுகக் கட்டுங்கள். 45 கிலோ மூட்டையில் மேல் அரை அடி கட்டிதட்டினாலும் போனது உங்கள் காசு. உரம் ஒரு ஓரத்திலும் இரும்பு எதிர் ஓரத்திலும் இருக்கட்டும். பெட்ரோல் கேனை இரண்டு அறையிலுமே வைக்காமல், நிழலான இடத்தில் தனியாக ஒரு இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

மருந்து அறைக்குள்

கடைக்காரருக்கே இதில் கட்டுப்பாடு இருக்கிறது. பூச்சிக்கொல்லி விதிகள், 1971-ன்படி விற்பனையாளர் மருந்தை மற்ற பொருள்களோடு கலக்காமல் தனி அறையிலோ, பூட்டிய தனி அலமாரியிலோதான் வைக்க வேண்டும். வாங்கி வந்த பிறகு நாம் அதைச் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் வைப்பது என்ன நியாயம்?

மருந்து டப்பாவில் உள்ள சாய்சதுரத்தைப் பாருங்கள். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான். அலமாரியில் தூள் மருந்து மேல் தட்டிலும் திரவ மருந்து கீழ்த் தட்டிலும் இருக்கட்டும். திரவம் ஒழுகினால் தூள் கெடாது.

களைக்கொல்லிக்கு எதிர்ச்சுவரில் தனித் தட்டு வையுங்கள். அதற்குத் தெளிப்பானும் தனியாக வேண்டும். 2,4-டி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் தக்காளிக்கோ கத்தரிக்கோ மருந்து அடித்தால் இலை சுருண்டு செடியே வீணாகிவிடும்.

மருந்தை ஒருபோதும் வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். தண்ணீர் பாட்டில், குளிர்பானப் பாட்டில் ஆகவே ஆகாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொஞ்சம் கேட்டாலும் அப்படி ஊற்றிக் கொடுக்காதீர்கள். காலி டப்பாவையும் வீட்டு உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. சமையல் பொருளும் வயல் மருந்தும் எங்கோ ஓரிடத்தில் நெருங்கிவிட்டன. அந்த நெருக்கத்தைத் தடுக்கத்தான் இந்தச் சுவர்.

மருந்து அறையில் இவை இருக்க வேண்டும்: ஒரு வாளி மணல் அல்லது மரத்தூள் (சிந்தினால் மேலே கொட்டி அள்ள), கையுறை, தெளிக்கும்போது போடும் சட்டை, வாங்கிய தேதியும் அளவும் எழுதும் ஒரு நோட்டு. வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும் சோப்பும். இவை இருக்கக் கூடாது: விதை, தவிடு, புண்ணாக்கு, குடிதண்ணீர், மின்சார ஸ்டார்ட்டர்.

டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்றவை உயிருள்ளவை. பஞ்சகவ்யாவும் அப்படியே. அவற்றை ரசாயன மருந்தோடு வைக்காமல் நிழலான, குளிர்ந்த வேறு இடத்தில் வையுங்கள்.

பூட்டு மட்டும் போதாது

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் வீடுதோறும் மருந்து வைக்கப் பூட்டுப்பெட்டி கொடுத்தார்கள். மனம் உடைந்தவர்கள் நஞ்சை நாடுவது அதனால் குறைகிறதா என்று பார்த்தார்கள். 2017-ல் வெளியான முடிவு, பெட்டியால் மட்டும் குறையவில்லை என்பதுதான். கொடிய மருந்துகளையே சந்தையிலிருந்து நீக்கியதுதான் அந்த நாட்டில் பல உயிர்களைக் காப்பாற்றியது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. அறை இருக்கிறது என்பதற்காக மருந்தை வாங்கிச் சேர்க்காதீர்கள். ஒரு தடவை தெளிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவே வாங்குங்கள். வீட்டில் யாராவது மனம் சோர்ந்திருந்தால் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும், இருப்பை அறவே குறையுங்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பழைய மோட்டார் ரூமைக் காலி செய்யும்போது தடை செய்யப்பட்ட மருந்துகளும் கிடைக்கலாம். எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வாழைக்குப் போட்டுவந்த போரேட் குருணைக்கு 2020 இறுதியோடு தடை வந்தது. 36 சதவீத மோனோகுரோட்டோபாஸுக்கு 2023-ல் மத்திய அரசு தடை ஆணை பிறப்பித்தது. இவை கையில் இருந்தால் தெளித்துத் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். தனியே கட்டி வைத்து, வத்தலக்குண்டு வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லி வழி கேளுங்கள்.

காலி டப்பாவை மூன்று முறை தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். பிறகு டப்பாவை ஓட்டை போட்டு நசுக்கி, கிணறும் குடியிருப்பும் இல்லாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். எரிக்க வேண்டாம்.

மலைத் தோட்டக்காரர்களுக்கு

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கொடைக்கானல் பக்கம் காபி, மிளகு, மலைவாழை, காய்கறி வைத்திருப்பவர்களுக்குச் சில மாறுதல்கள் உண்டு. மேலே ஈரப்பதம் அதிகம். கூரைச் சரிவை இன்னும் கூட்டுங்கள். மூட்டைக்குக் கீழே போடும் மரச்சட்டத்தை ஓரடி உயர்த்துங்கள். அரிசி, வெல்லம், உப்பு, பழுத்த வாழைத்தார் எதையும் கொட்டகையில் இரவு வைக்காதீர்கள். யானை நடமாடும் பகுதியில் அந்த வாசனையே கதவை உடைக்க வைத்துவிடும். கொடைக்கானல் மலைப் பகுதியில் கட்டட விதிகள் சமவெளியைவிடக் கடுமையானவை. சிறு கொட்டகையானாலும் மண்ணை வெட்டும் முன்பு உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

எப்போது கட்டுவது, எப்போது பார்ப்பது?

தை முதல் சித்திரைக்குள் கட்டி முடிப்பது நல்லது. மண் காய்ந்திருக்கும், பூச்சும் நன்றாகத் தண்ணீர் காட்டினால் கெட்டிப்படும். ஆடி பிறக்கும் முன்பு கூரை ஸ்குரூவை ஒருமுறை முடுக்குங்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைப்போம். அது சரியாக வடகிழக்கு மழைக்கு முன்னால் வருகிறது. அன்றைக்கே இரும்புக்கு எண்ணெய் தடவி, காம்பு ஆடுகிறதா என்று பார்த்து, நோட்டை எடுத்துக் காலாவதியான மருந்து எது என்றும் பார்த்துவிடுங்கள்.

தோட்டக்கலைத் துறையில் 9 மீட்டருக்கு 6 மீட்டர் சிப்பம் கட்டும் அறைக்கு மானியத் திட்டம் உண்டு. அது விளைபொருளுக்கான கட்டடம், கருவிக்கும் மருந்துக்கும் அல்ல. பூவும் காயும் தரம் பிரித்து அனுப்புகிறவர்கள் இரண்டையும் குழப்பாமல் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இந்த ஆண்டின் நிலவரத்தைக் கேளுங்கள்.

இந்த வருடம் கொட்டகைக்குக் கையில் பணம் இல்லையா? பரவாயில்லை. ஒரு தகரப் பெட்டி வாங்கி, மருந்தை எல்லாம் அதில் போட்டுப் பூட்டி, மோட்டார் ரூமை விட்டு வெளியே, மழையும் வெயிலும் படாத இடத்தில் உயர்த்தி வையுங்கள். வேலைக்கு வருபவர்களின் தூக்குச்சட்டிக்கு மரத்தடியில் ஒரு பலகை போடுங்கள். இது இன்றைக்கே முடியும். சுவர் அடுத்த தையில் வரட்டும்.

மருந்து யார் உடம்பிலாவது பட்டுவிட்டால் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குடித்துவிட்டாலோ, மயக்கம், வாந்தி இருந்தாலோ நீங்களாக எதையும் குடிக்கவோ வாந்தி எடுக்கவோ வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான சிகிச்சையைத் தாமதம் இல்லாமல் தொடங்க முடியும். பயிர் மருந்து பற்றிய சந்தேகங்களுக்கு 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.